பின் இலக்கம் உங்களுடையது, கணக்கும் உங்களுடையதுதான்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். படிகளோடு சம்பளம் மாதம் ஏறத்தாழ 90,000 ரூபா. அதில் வருமான வரி என்று எதுவும் கழிப்பதில்லை. பின்னேரங்களிலும் சனி, ஞாயிறுகளிலும் இரண்டு ரியூட்டரிகளில் வகுப்பு எடுக்கிறேன். அவர்களின் பங்கு போக மாதம் ஒரு இலட்சம் அளவில் காசாகக் கையில் கிடைக்கும். எனக்குச் சீதனமாகத் தந்த கொக்குவில் வீட்டின் ஒரு பகுதியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை மாதம் 30,000. அதைக் கணவர்தான் வாங்குவார். வங்கியில் என் பெயரில் 20 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. அதில் பாதி, ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசு. அம்மாவின் செலவுக்கும் அவன் மாதாமாதம் அனுப்புவான்.

வங்கியில் கேட்டார்கள் என்று ரின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்தேன். எடுத்துத் தந்த கொமினிகேசன் கடைக்காரப் பெடியன் இப்போது, "ரீச்சர், கனபேருக்கு வருமானம் சைபர் எண்டு போட்டுத்தான் அனுப்பினனான். பின் (PIN) நம்பரைத் தாங்கோ, உங்களுக்கும் அனுப்பிவிடுறன்" என்கிறான். ஏதும் பிரச்சினை வந்தால் அனுப்பியவன்தானே பொறுப்பு என்பது கணவரின் கதை. அது சரியா? நானே நிரப்புவதென்றால் என்னென்ன பார்க்க வேண்டும்? வங்கியில் அம்மாவுக்கு வட்டியில் வரி கழிக்காமல் விடுவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். நானும் அதில் கையெழுத்து வைக்கலாமா?
– ஓர் ஆசிரியை, கொக்குவில்

பதில்: வணக்கம் ரீச்சர்.

முதலில் உங்கள் கணவரின் கதைக்கு வருகிறேன். அது சரியில்லை. வருட வருமானத்தைக் காட்டும் வரி விபரத்திரட்டைக் கடைக்காரர் அனுப்பினாலும், தெரிந்த கணக்காளர் அனுப்பினாலும், என்னைப் போன்ற ஒருவர் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினாலும், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கண்ணில் அது நீங்கள் கொடுத்த விபரத்திரட்டு. உங்கள் ரின் இலக்கம், உங்கள் பின் இலக்கம், "இதிலுள்ளவை உண்மையானவை, முழுமையானவை" என்ற உங்கள் உறுதிமொழி. நாளைக்கு ஒரு கடிதம் வந்தால் அது கொக்குவில் விலாசத்துக்குத்தான் வரும், கொமினிகேசன் கடைக்கு வராது.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இயங்குவது சுயமதிப்பீட்டு முறையில். உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம்: மாணவனே விடை எழுதி, மாணவனே புள்ளியும் போட்டுக் கொடுப்பது மாதிரி. திணைக்களம் அந்தப் புள்ளியை அப்போதைக்கு அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பிறகு விரும்பிய தாளை எடுத்துத் திருத்திப் பார்க்கும் உரிமையை வைத்திருக்கிறது. கனபேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அனுப்பியவுடன் கணினி "கிடைத்தது" என்று ஒரு சான்று தரும். அது கிடைத்ததற்கான சான்று மட்டுமே. கணக்குச் சரி என்று யாரும் சொல்லவில்லை. போன வருடம் சைபர் போட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று கடைக்காரர் சொன்னால், இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் இலக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு விசயம். ரின் பதிவு செய்தபோது மின்னஞ்சல், தொலைபேசி என்ற பெட்டிகளில் யாருடையதைப் போட்டார்கள் என்று பார்த்தீர்களா? என்னிடம் வருபவர்களில் பலருக்கு அது கடையின் மின்னஞ்சல். திணைக்களம் அறிவித்தல் அனுப்பினால் அது ஐம்பது பேரின் கடிதங்களோடு அங்கே கிடக்கும், இவர்களுக்குச் சங்கதியே தெரியாது. அறிவித்தல் எனக்குக் கிடைக்கவில்லை என்ற நியாயம் எடுபடாது, ஏனென்றால் அந்த முகவரியைக் கொடுத்தவர் நீங்கள்தான் என்று பதிவில் இருக்கும். ஆகவே வேறெதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் கணக்கினுள் போய் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் பாருங்கள். உங்களுடையவை இல்லையென்றால் மாற்றுங்கள். பின் இலக்கம் கைமாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் 1944 க்கு எடுத்துக் கேட்கலாம், அல்லது அடையாள அட்டையோடு யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரே போகலாம்.

சரி, உங்களுக்கு விபரத்திரட்டுக் கொடுக்கும் கடமை இருக்கிறதா? ரின் எடுத்த எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்றில்லை. சம்பளம் மட்டும் வருமானமாக உள்ள ஒருவருக்கு, தொழில்தருநர் ஏ.பி.ஐ.ரி. என்ற முற்பண வரியைச் சரியாகக் கழித்துக் கட்டியிருந்தால், திணைக்களம் எழுத்தில் கேட்டாலன்றிப் பொதுவாக அலுவல் அத்தோடு முடிந்தது. வரியே வராத அளவு வருமானம் உள்ளவருக்கும் அப்படித்தான். உங்கள் நிலைமை அதுவல்ல.

சம்பளத்தில் வரி கழிக்கவில்லை, ஆகவே எனக்கு வரி இல்லை என்று ஆசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஆளொருவருக்கான வரி விலக்கு வருடத்துக்கு 1,800,000 ரூபா, அதாவது மாதம் 150,000. உங்கள் சம்பளம் 90,000 தான் என்பதால் பாடசாலைப் பக்கத்தில் எதுவும் கழிக்கவில்லை. சம்பளம் போடும் அலுவலகத்துக்கு உங்கள் ரியூசனும் தெரியாது, வாடகையும் தெரியாது. அந்த விலக்கு உங்கள் எல்லா வருமானங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு தடவை கிடைப்பது. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பார்க்கும் வேலை உங்களுடையது, வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

அந்தத் தாளில் சிக்கலான இடம் ரியூசன். அரச ஆசிரியர் ரியூசன் எடுக்கலாமா, யாருக்கு எடுக்கலாம் என்பது கல்வித் திணைக்களம் பார்க்கும் விசயம். வரிச் சட்டத்துக்கு வருமானம் வந்ததா என்பது மட்டுமே கேள்வி. காசாக வந்தாலும் காசோலையாக வந்தாலும் வருமானம் வருமானம்தான்.

நீங்கள் வகுப்புக் கொப்பி ஒன்று வைத்திருப்பீர்கள். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே மாதங்கள், காசு தந்தவர்களுக்குச் சரி அடையாளம், பாதிக் காசு தந்தவருக்கு "½", தகப்பன் இல்லாத பிள்ளைக்கு "இலவசம்". இதைவிட நல்ல கணக்குப் புத்தகம் உங்களுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு மாத நிரலின் அடியிலும் கூட்டுத்தொகையை எழுதுங்கள். அதன் கீழே ரியூட்டரி எடுத்த பங்கு, அதன் கீழே கைக்கு வந்தது. மாதக் கடைசியில் ரியூட்டரி நடத்துபவரிடம் ஒரு துண்டில் இந்த மூன்று எண்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வகுப்பு இல்லை, பரீட்சை மாதத்தில் பிள்ளைகள் குறைவு என்றால் அதுவும் கொப்பியில் தெரியட்டும். "மாதம் ஒரு இலட்சம் அளவில்" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். விபரத்திரட்டில் "அளவில்" என்று ஒரு பெட்டி இல்லை.

இலவசமாகப் படிப்பித்த பிள்ளைக்கு வராத காசைக் காட்டத் தேவையில்லை. ஆனால் இலவசம் என்ற குறிப்புக் கொப்பியில் இருந்தால் நல்லது. வகுப்பில் எண்பது பேர் இருந்தார்களே, ஏன் அறுபது பேரின் காசு மட்டும் என்று யாராவது கேட்டால் பதில் அங்கேயே இருக்கும்.

செலவைக் கழிக்கலாம், ஆனால் அந்த வருமானத்தைத் தேடச் செய்த செலவை மட்டும். நோட்ஸ் போட்டோக் கொப்பி அடித்தது, மார்க்கர் பேனா, மாதிரி வினாத்தாள், வகுப்புக்காகப் பாவித்த டேற்றா, இரண்டு ரியூட்டரிகளுக்கும் இடையே ஓடிய பெற்றோல் இவையெல்லாம் சரி. வீட்டிலிருந்து முதல் வகுப்புக்குப் போன பெற்றோலை நான் போடமாட்டேன். சேலையும் செருப்பும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் ரியூசன் காசு அறவே வேண்டாம், அதையும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் தரும் மெல்லிய பற்றுச்சீட்டு யாழ்ப்பாண வெக்கைக்கு ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

ஒரு ரியூட்டரி தன் கணக்கிலிருந்து உங்களுக்குப் படிப்பித்தல் கட்டணமாக ஒரு மாதத்தில் 100,000 க்கு மேல் கொடுத்தால், அவர்கள் 5 வீதத்தைப் பிடித்துத் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். பிடித்தால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அந்தத் தொகை உங்கள் வரியில் கழிபடும். உங்களுடையது இரண்டு இடங்களில் பிரிந்து வருவதால் யாரும் பிடித்திருக்கமாட்டார்கள். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லாமல் போகாது.

அடுத்தது வாடகை. கணவர் கையில் வாங்குகிறார் என்பதால் அது அவருடைய வருமானம் ஆகாது. வீடு சீதன உறுதியில் உங்கள் பெயருக்கு வந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் சீதனச் சொத்து மனைவியின் தனிச் சொத்துத்தான். ஆகவே 360,000 ரூபாவும் உங்கள் விபரத்திரட்டில் வர வேண்டும். ஆறுதலாக ஒன்று: திருத்த வேலைச் செலவுகளைத் தனியாகக் காட்டிக் கேட்காவிட்டால், வாடகையில் 25 வீதத்தை நிவாரணமாகக் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது 90,000 ரூபா. பற்றுச்சீட்டு எதுவும் காட்டத் தேவையில்லை.

வட்டிக்கு வருவோம். 2025 ஏப்ரலிலிருந்து வங்கிகள் வட்டியில் 10 வீதம் பிடிக்கின்றன. அதற்கு முன் 5 வீதம். பிடித்ததோடு வட்டியின் வரி தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், உங்களைப் போல வேறு வருமானமும் உள்ளவருக்கு அது முற்பணம் மாதிரித்தான். வட்டி முழுவதையும் வருமானத்தில் காட்டி, பிடித்த வரியைக் கடைசியில் கழிக்க வேண்டும். வங்கிக்குப் போய் மார்ச் 31 வரையான வருடத்துக்கு வட்டிச் சான்றிதழும் வரிக் கழிப்புச் சான்றிதழும் கேளுங்கள். பாஸ் புத்தகத்தில் விழும் தொகை வரி கழித்த பிறகு உள்ளது. அதைப் பார்த்து எழுதினால் வருமானம் குறைந்துவிடும்.

தம்பியின் காசை வருமானமாக எண்ணி நீங்கள் பயப்படத் தேவையில்லை. அம்மாவின் செலவுக்கு அவர் அனுப்புவது உங்கள் உழைப்புமல்ல, இலாபமுமல்ல. வங்கி வழியாக அவர் பெயரோடு வந்திருந்தால் காட்டுவதற்குத் தாள் இருக்கும். வங்கி வழியாக இல்லாமல் உண்டியல்காரர் மூலம் கைமாறி வந்த காசென்றால் உங்கள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. வைப்பில் இருக்கும் பத்து இலட்சத்தைப் பற்றித்தான் நீங்கள் தம்பியோடு ஒருநாள் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். அது உங்களுக்குத் தந்ததா, கடனா, தன் காசைப் பார்த்துக்கொள்ளத் தந்ததா? தந்தது என்றால் அன்பளிப்பு. கடன் என்றால் உங்கள் பொறுப்புகளில் அதைக் காட்ட வேண்டும். பார்த்துக்கொள்ளத் தந்தது என்றால், வங்கி முழு வட்டியையும் உங்கள் ரின் இலக்கத்துக்கு எதிரேதான் அனுப்புகிறது. பாதி என்னுடையதல்ல என்று நிறுவும் சுமை உங்கள் தலையில். அவர் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து அங்கே மாற்றுவதுதான் இதற்குச் சுத்தமான வழி. அதுவரை முழு வட்டியையும் உங்களுடையதாகவே காட்டிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். 2025/2026 மதிப்பீட்டு ஆண்டு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. சம்பளம் 1,080,000. ரியூசன் 1,200,000, அதில் செலவு 120,000 போனது என்று வைத்தால் 1,080,000. வட்டி 8 வீதம் என்று வைத்தால் 160,000. வாடகை 360,000. எல்லாம் சேர்ந்து 2,680,000. இதிலிருந்து 1,800,000 விலக்கும் வாடகைக்கான 90,000 நிவாரணமும் போனால், வரிக்கு உட்படுவது 790,000. இந்த ஆண்டு வரிக்கு உட்படும் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம்தான். ஆக வரி 47,400 ரூபா. வங்கி ஏற்கனவே 16,000 பிடித்திருக்கும். நீங்கள் கட்ட வேண்டிய மீதி 31,400.

இவ்வளவுதான் ரீச்சர். மாதத்துக்குப் பிரித்தால் மூவாயிரத்துக்கும் குறைவு. சைபர் போட்டு மறைக்கப் பார்ப்பது இந்தத் தொகையைத்தான்.

மறைத்தால் என்ன ஆகும்? வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ பிழையான விபரம் கொடுத்து வரி குறைந்திருந்தால், குறைந்த தொகையின் 25 வீதம் தண்டம். குறைந்த தொகை உங்கள் மொத்த வரியின் காற்பங்கைத் தாண்டினால் தண்டம் 75 வீதம். சைபர் போட்டவர் எப்போதும் இந்த இரண்டாவது வகையில்தான் விழுவார். அதோடு வரியை நேரத்துக்குக் கட்டாததற்கு 20 வீதத் தண்டமும், மாதத்துக்கு 1.5 வீத வட்டியும் உண்டு. விபரத்திரட்டே கொடுக்காமல் இருந்தால் கதை இன்னும் மோசம். வரியின் 5 வீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும் ஒரு கணக்கு, 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும் இன்னொரு கணக்கு. இரண்டில் பெரியதைத்தான் எடுப்பார்கள், உச்சம் 400,000. உங்கள் வரியே 47,400. தண்டம் 50,000 இலிருந்து தொடங்குகிறது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பார்கள். விபரத்திரட்டோடு சொத்துகள், பொறுப்புகள் கூற்று ஒன்றும் கொடுக்க வேண்டும். மார்ச் 31 இல் உங்களிடம் உள்ள காணி, வீடு, வாகனம், வங்கி மீதி, பங்குகள், கைக்காசு, கொடுத்த கடன், நகை, வாங்கிய கடன் என்று எல்லாம் அதில் வரும். நகை என்றால் தாலிக்கொடியும் சேர்த்துத்தான். பத்து வருடம் ரியூசன் காசைச் சேர்த்து ஒருநாள் திருநெல்வேலியில் இரண்டு பரப்புக் காணி வாங்குகிறீர்கள். உறுதி முடிக்கும்போது ரின் இலக்கமும் வரும். போன வருடங்களில் சைபர் காட்டிய ஒருவருக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வாயால் சொல்லலாம், அடுத்த கேள்வி வங்கித் துண்டைக் கேட்கும். உண்மையாக எழுதியவருக்கு இதே கூற்றுக் காவல். ஒவ்வொரு வருடமும் உங்கள் சேமிப்பு எவ்வளவு கூடியது என்பதற்கு நீங்களே எழுதிய சாட்சி அது.

அந்தக் கூற்றை நிரப்பும்போது நகையைக் குறைத்தும் காணியைக் குறைத்தும் எழுதச் சொல்லி யாராவது புத்தி சொல்வார்கள். கேட்காதீர்கள். சீதனமாக வந்ததைச் சீதனமாக வந்தது என்றும், தாயார் தந்த பவுணைத் தாயார் தந்தது என்றும் எழுதுங்கள். இருப்பதைக் காட்டுவதால் இந்த விபரத்திரட்டில் வரி அதிகமாகாது. இன்று காட்டாத பத்துப் பவுணை நாளைக்கு விற்று வீடு திருத்தினால், அந்தக் காசு எங்கிருந்து வந்ததென்று விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரியூசன் இந்த வருடம் தொடங்கியதல்ல என்று உங்கள் கடிதத்தை வாசிக்கும்போதே தெரிகிறது. 2023/2024, 2024/2025 ஆகிய ஆண்டுகளில் விலக்கு 1,200,000 தான். வரிப் படிகளும் ஐந்து இலட்சத்துக்கு ஒன்றாக 6, 12, 18 வீதம் என்று ஏறின. மேலே சொன்ன அதே வருமானம் 2024/2025 இல் இருந்திருந்தால் வரி 160,200 ரூபா. அப்போது உங்கள் சம்பளமும் பிள்ளைகளின் தொகையும் குறைவாக இருந்திருக்கலாம், கணக்கும் அதற்கேற்பக் குறையும். அந்தக் கொப்பிகளைத் தேடி எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வரி வருகிறது என்றால் அந்த ஆண்டுகளின் விபரத்திரட்டையும் கொடுத்துவிடுங்கள். தண்டமும் வட்டியும் வரத்தான் செய்யும். ஆனால் தானாக வந்து நிற்பவரையும் தேடிப் பிடிக்கப்பட்டவரையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்ப்பதை நான் காணவில்லை. வேண்டுமென்று ஏமாற்றியவரின் பழைய கணக்கைத் திறக்கத் திணைக்களத்துக்குக் கால எல்லையும் இல்லை. இந்தப் பழைய ஆண்டுகளுக்கு மட்டும் ஒரு கணக்காளரிடம் போங்கள். இந்த வருடத்தினதை நீங்களே செய்யலாம்.

எப்படிச் செய்வது? கணினிக்கு முன்னால் இருக்க முதல், மேசையில் எல்லாத் தாள்களும் இருக்க வேண்டும். பாடசாலைப் பக்கத்திலிருந்து வருடச் சம்பள விபரம், வரி கழித்திருந்தால் ரி-10 சான்றிதழ், வங்கிச் சான்றிதழ்கள், வகுப்புக் கொப்பியின் வருடக் கூட்டு, செலவுத் துண்டுகள், வாடகை ஒப்பந்தம். ஒரு வெள்ளைத் தாளில் நான் மேலே செய்ததைப் போலக் கணக்கைக் கையால் செய்து முடியுங்கள். அப்புறம்தான் திரையைத் திறக்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு பகுதி, வியாபார வருமானத்துக்கு ஒரு பகுதி, வட்டியும் வாடகையும் முதலீட்டு வருமானப் பகுதியில். ரியூசன் போவது வியாபார வருமானத்தில். அதைச் சம்பளத்தோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள், செலவைக் கழிக்க இடமில்லாமல் போகும். கடைசியில் திரை காட்டும் வரியும் தாளில் உள்ள வரியும் ஒன்றாக வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் அனுப்பாமல் சேமித்து வைத்துவிட்டு எந்தப் பெட்டியில் பிழை என்று தேடுங்கள். அனுப்பிய பிறகு பிரதியையும் கிடைத்த சான்றையும் அச்சடித்து வையுங்கள். பின்னர் பிழை கண்டால், அவர்கள் கேட்கும் முன்னர் நீங்களே திருத்தத்தைக் கொடுங்கள்.

திகதிகளில் பலர் சறுக்குகிறார்கள். விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. வரியின் மீதியைக் கட்டக் கடைசி நாள் செப்ரெம்பர் 30. இரண்டு மாத இடைவெளி. நவம்பரில் நிரப்பும்போது கட்டலாம் என்று இருந்தால் அதற்குள் தண்டமும் வட்டியும் ஏறிவிடும். உண்மையில் வரியை நான்கு தவணையாக, ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, அடுத்த மே 15 என்று கட்டிக்கொண்டு வர வேண்டும். செப்ரெம்பர் 30 மிஞ்சியதைத் தீர்க்கத்தான். இந்த ஆண்டுக்கான தவணைகள் உங்களுக்குப் போய்விட்டன, அதற்கும் சிறு தண்டம் வரலாம். 2026/2027 ஆண்டுக்காவது ஓகஸ்டிலிருந்து ஒழுங்காகத் தொடங்குங்கள். கட்டும்போது வரி வகையையும் ஆண்டையும் இரண்டு தரம் பாருங்கள். போன வருடத்துக்கென்று கட்டிய காசு வேறு ஆண்டில் போய் விழுந்தால், கட்டியும் கட்டாதவராக நிற்பீர்கள்.

தாள்களை ஐந்து வருடமாவது வைத்திருக்க வேண்டும். வகுப்புக் கொப்பியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரப் பெடியனோடு கோபிக்கவும் வேண்டாம். இணையத்தில் தட்டச்சுச் செய்ய அவன் உதவி தேவையென்றால் எடுங்கள். எண்களை நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள், பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெட்டியையும் பாருங்கள், பின் இலக்கத்தை நீங்களே அடியுங்கள், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழும்புங்கள். அவன் வாங்குவது தட்டச்சுக் கூலி. உங்கள் வருமானம் எவ்வளவு என்று தீர்மானிக்கிற வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள்.

வங்கிப் படிவத்தில் நீங்கள் கையெழுத்து வைக்கக் கூடாது. வருட வருமானம் 1,800,000 ஐத் தாண்டாது என்று வங்கிக்குக் கொடுக்கும் சுயபிரகடனம் அது. உங்களுடையது தாண்டுகிறது. அம்மா வைக்கலாம். அவருக்கு அரச ஓய்வூதியம் வந்தால் அதற்கு வரி இல்லை, அவருடைய வைப்பு வட்டியும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வங்கிக்கு மேல் வைப்பு இருந்தால் எல்லா வட்டியையும் கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் ரின் இலக்கம் கேட்பார்கள். எடுக்கும்போது மின்னஞ்சல் பெட்டியில் உங்களுடையதைக் கொடுங்கள்.